அம்மாவின் இடுப்பு வலிக்கு நீர்ப்பயிற்சி: தஞ்சை, கும்பகோணம் பக்கம் இடம் உண்டா?

வணக்கம். நாங்கள் பாபநாசம் பக்கம். நடவு வயலில் குனிந்தே காலம் கழித்த அம்மாவுக்குத் தீராத இடுப்பு வலி. தண்ணீருக்குள் நடக்கும் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார் இயன்முறை மருத்துவர். இடுப்பளவு நீரில் நின்றாலே உடல் எடையில் ஏறத்தாழப் பாதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளுமாம். முதுகெலும்புக்குப் பாரம் குறையும். நீச்சல் தெரிய வேண்டியதில்லை.

“குடமுருட்டி ஆறு இருக்கும்போது நீச்சல் குளம் எதற்கு?” என்கிறார் அப்பா. மேட்டூர் திறந்த பிறகு வரும் இழுப்பில் திடமானவர்களே தடுமாறுவார்கள். கோயில் குளத்துப் படிகளிலோ பாசி.

சமதரை, கைப்பிடி, மார்பளவு ஆழம், முடிந்தால் 33 முதல் 35 டிகிரி வெதுவெதுப்பு: இப்படி நீச்சல் குளம் எங்கே இருக்கிறது? பெண்களுக்குத் தனி நேரம் உண்டா? பயிற்சி தருபவர் உடன் இருப்பாரா? கட்டணத்தையும் சொல்லுங்கள். சேலையோடுதான் இறங்குவேன் என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறார், அனுமதிப்பார்களா?