தீராத வலிக்கு ஹிப்னாஸிஸ், டிஎம்எஸ் எடுத்தவர்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

தஞ்சை வாசு:
அக்கி ஆறியும் எரிச்சல் விடாதவர்களுக்கு முன்கதை தேவையில்லை. எனக்கு வலது விலாவில். சட்டை உரசினாலே உயிர் போகும். நரம்பு வலி மாத்திரையான பிரீகாபலின் தூக்கத்தைத்தான் கொடுத்தது. கடைசியில் நரம்பு டாக்டர் டிஎம்எஸ் எழுதினார், தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் சிகிச்சை. காதை அடைத்துவிட்டு, எட்டு வடிவக் காந்தச் சுருளை இடப்பக்க மண்டையில் நகர்த்தி நகர்த்தி அடித்தார்கள். டக். ஒன்றுமில்லை. இன்னொரு டக். மடியில் சும்மா கிடந்த என் வலது கட்டைவிரல் துள்ளியது. நான் ஆட்டவே இல்லை! "கிடைச்சிடுச்சு சார்" என்று டெக்னீஷியன் தொப்பியில் பேனாவால் புள்ளி வைத்தார். கையை அசைக்கும் மூளைப்பகுதியாம். விரல் துள்ளும் அளவுக்குக் கொஞ்சம் கீழே சக்தியை வைத்து, விநாடிக்கு 10 துடிப்பு. எரிச்சல் பாதியாகக் குறைந்தது, இப்போது மெல்ல ஏறுகிறது. வலி விலாவில், அடி தலையில், ஆடியது விரல். இன்னமும் அதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

கோவை மீனா:
அப்பாவுக்குச் சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதம்தான் வலிக்கும். விரலெல்லாம் மடங்கி இறுகி, நகம் உள்ளங்காலில் குத்துகிறது என்று ராத்திரியில் கத்துவார். ஹிப்னாஸிஸ் செய்த மனநல மருத்துவரிடம் ஊசலும் இல்லை, கடிகாரமும் இல்லை. மூச்சைக் கவனிக்கச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார். அப்புறம், "ஐயா, அந்தச் சுண்டுவிரலை மெதுவா நீட்டுங்க. சரி, இப்போ பக்கத்து விரல்..." போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவது விரலுக்கு வந்தபோது அப்பாவின் தாடை தளர்ந்துவிட்டது. எழுந்ததும் சொன்னார்: "வலி அங்கேயேதான் இருக்கும்மா. ஆனா சண்டைக்கு வரலை."

ரிட்டயர்டு ஃபார்மசிஸ்ட்:
மீனா, தப்பாக நினைக்க வேண்டாம். அங்கேயே இருக்கிறது என்றால் குறையவில்லை என்றுதானே அர்த்தம்? மேடையில் வெங்காயத்தை ஆப்பிள் என்று தின்ன வைப்பார்களே, அந்தக் கதைதான். நான் இடுப்பு வலிக்கு டிடிசிஎஸ் எடுத்தேன், மண்டை வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்துவது. தலையில் ஈர ஸ்பாஞ்ச், 20 நிமிடம், நெற்றியில் எறும்பு ஊர்வது மாதிரி. அவ்வளவுதான், பலன் பூஜ்யம். ஆனால் எல்லாருக்கும் சொல்கிறேன். வெறும் 2 மில்லியாம்பியர்தானே என்று ஆன்லைனில் கருவி வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஸ்பாஞ்ச் காய்ந்தால் தோல் வெந்துவிடும். மண்டைக்குள் உலோகக் கிளிப், காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் கருவி, எப்போதோ வந்த வலிப்பு, எதுவானாலும் டிஎம்எஸ் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். பிரீகாபலினைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான். வாசு சார், பி12 பார்த்தீர்களா? காலையில் நடக்கிறீர்களா? மெத்தை எது? இலவம்பஞ்சுக்கு மாறுங்கள். ராத்திரி தயிரையும் விட்டுவிடுங்கள்.

தஞ்சை வாசு:
பி12 பார்த்தாச்சு சார். அக்கிக்கும் மெத்தைக்கும் என்ன சம்பந்தம்?

நைட் டியூட்டி நர்ஸ்:
ஃபார்மசிஸ்ட் சார், மீனாவின் அப்பா சொன்னதுதான் விஷயமே. 1997-ல் மாண்ட்ரியலில் ரெய்ன்வில் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர், ஹிப்னாஸிஸில் இருந்தவர்களின் கையைச் சுடுதண்ணீரில் வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். வலியின் தொந்தரவு குறைகிறது என்று சொன்னபோது, அந்தத் தொந்தரவோடு தொடர்புள்ள முன் சிங்குலேட் பகுதியின் வேலை மாறியது. சூட்டை உணரும் பகுதி அப்படியே இருந்தது. வெறும் மேடை வித்தையும் இல்லை. 1845-லேயே, வங்காளத்து ஹூக்ளியில், ஈதரும் குளோரோஃபார்மும் வருவதற்கு முன், எஸ்டெய்ல் என்ற டாக்டர், ஹிப்னாஸிஸுக்கு முன்னோடியான மெஸ்மரிச மயக்கத்தில் ஆபரேஷன் செய்திருக்கிறார்.

அதற்காக எல்லாருக்கும் பலிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். என் கழுத்து வலிக்கு, கை பனிக்கட்டித் தண்ணீரில் இருப்பதாக நினைக்க வைத்தார்கள். இடது கை நிஜமாகவே மரத்துவிட்டது. கிள்ளினார்கள், தெரியவில்லை. அந்த மரப்பைக் கழுத்துக்கு மாற்றுங்கள் என்று கையைக் கழுத்தில் வைக்கச் சொன்னார்கள். கழுத்து வலித்துக்கொண்டே இருந்தது. கை மட்டும் ஜில்லென்று, யாருடைய கையோ மாதிரி!

மீனா, அப்பா இப்போது தானாகவே செய்துகொள்கிறாரா?

கோவை மீனா:
டாக்டரின் குரலை போனில் பதிந்து வைத்திருக்கிறார், படுக்கும் முன் கேட்கிறார். ராத்திரி கத்துவது குறைந்திருக்கிறது. அம்மா மிக்ஸி போட்டால் மட்டும் எல்லாம் கலைந்துவிடுகிறது, அதற்கொரு சண்டை தனி.

ரிட்டயர்டு ஃபார்மசிஸ்ட்:
மெத்தை இடுப்பு வலிக்காரர்களுக்குச் சொன்னது. தயிர் எல்லாருக்கும்.