கேஎல்-6 இரத்தப் பரிசோதனை எங்க செய்யலாம்?

வணக்கம் உறவுகளே. நாங்கள் முல்லைத்தீவு மல்லாவி. அப்பாவுக்கு 67 வயசு. நுரையீரல் தழும்பேறி இறுகிற ஐபிஎஃப் வருத்தம். போன கிழமை திடீரெண்டு மூச்சு வாங்கி, இப்ப வார்ட்டில ஒக்சிசனோட. சி.ரி. ஸ்கானில ரெண்டு பக்கமும் புதுசா வெள்ளைப் படலமாம்.

இரத்தத்தில எல்டிஎச் (உடம்புத் திசு பழுதானாக் கூடுறது), சிஆர்பி (உடம்பில அழற்சி இருந்தாக் கூடுறது) ரெண்டும் கூட. ஆனா சிஆர்பி கிருமித் தொற்றிலயும் ஏறும், அதை மட்டும் வைச்சு ஒண்டும் சொல்லேலாது எண்டு டொக்டர் சொன்னவர். அதுதான் கேஎல்-6 பாக்கலாமோ எண்டு யோசிக்கிறம். அது நுரையீரல் காற்றறைச் சுவர் பழுதாகேக்க இரத்தத்தில கூடுற புரதமாம். யப்பானில 500 U/mL அளவை எல்லையா வைச்சு வழமையாப் பாக்கிறவை.

இந்த வருத்தம் இப்பிடித் திடீரெண்டு முத்தினா பாதிப்பேர் 3, 4 மாதம் தாண்டுறேல்லை எண்டு வாசிச்சதில இருந்து எனக்கு நித்திரை இல்லை. அப்பாவோ, வவுனிக்குளத்தில தண்ணி திறந்திட்டாங்களோ எண்டு கேக்கிறார்.

யாழ்ப்பாணத்தில இல்லாட்டிக் கொழும்பில கேஎல்-6 ஆராவது செய்விச்சனீங்களே? எவ்வளவு முடிஞ்சது, ரிப்போட் வர எத்தினை நாள்? அதைப் பாத்து உங்கட டொக்டர் மருந்தை மாத்தினவரோ? முந்தின அளவு ஒண்டும் எங்களிட்ட இல்லை. இப்ப ஒருக்காப் பாத்துப் பிரயோசனமோ எண்டும் தெரிஞ்சவை சொல்லுங்கோ. கையிருப்புக் கொஞ்சம்தான், அதுதான் கேக்கிறன்.