சர்வரில் ஒரு பவர் சப்ளை போய்விட்டது, மாற்றும் முன் ஒரு சந்தேகம்

நண்பர்களே, எங்கள் அலுவலக ரேக்கில் இருக்கும் 2யூ (ரேக்கில் இரண்டு அலகு உயரமுள்ள) சர்வரின் இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று போய்விட்டது. திங்கள் காலை அறைக்குள் நுழைந்ததுமே விசிறிச் சத்தம் அதிகமாக இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தால், ஒரு யூனிட்டில் பச்சைக்குப் பதில் ஆரஞ்சு விளக்கு மின்னுகிறது.

முதலில் கேபிள் மேல்தான் சந்தேகப்பட்டேன். நன்றாக ஓடும் யூனிட்டின் கேபிளைப் பிடுங்கிச் சோதிக்க தைரியம் வரவில்லை (பிடுங்கினால் மொத்தமும் படுத்துவிடும்). அதனால் புதிய சி13 (சர்வருக்கு மின்சாரம் தரும்) கேபிளை வேறு சாக்கெட்டிலிருந்து கொடுத்தேன். மாற்றமில்லை. யூனிட்டை உருவி, சற்று விட்டு மறுபடி செருகினேன். அதே ஆரஞ்சு. சர்வரின் நிலையைக் கண்காணிக்கும் ஐபிஎம்ஐயின் பதிவும் ரிடண்டன்சி (ஒன்று போனால் மற்றது தாங்கும் வசதி) போய்விட்டது என்றே சொல்கிறது. சரி, யூனிட்தான் காலி.

பழையது 750 வாட், பிளாட்டினம் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான தரம்; கோல்டு அதற்கு ஒரு படி கீழே). வாரண்டி முடிந்துவிட்டது. பழைய சாமான் கடையில் அதே வடிவத்தில் 495 வாட் மலிவாகக் கிடைக்கிறது. 750 வாட் கோல்டும் உண்டு, ஆனால் பார்ட் நம்பர் வேறு. சர்வர் 220 வாட்டுக்கு மேல் இழுப்பதில்லை. ஆனாலும் வாட் பொருந்தாத ஜோடி எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

கோல்டையும் பிளாட்டினத்தையும் சேர்த்து ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? ஓடும்போதே மாற்றலாம் என்பது தெரியும். அப்படியே மாற்றுவீர்களா, இல்லை இரவில் நிறுத்திவிட்டா? பேக்கப் எடுத்தாயிற்று. வியாழனுக்குள் வாங்கியாக வேண்டும்.