சிக்கல் சேர்வைகள்: உங்களை விடாத ஒரு சந்தர்ப்பம்

முறிகண்டி:
மீள்குடியேறிய கையோடு, 2010இல் தகரக் கொட்டிலில் நடந்த உயர்தர வகுப்பு. பாடம் சிக்கல் சேர்வைகள், அதாவது நடுவில் ஓர் உலோகமும் அதைச் சுற்றிப் பிணைந்த மூலக்கூறுகளோ அயன்களோ உள்ள சேர்வைகள். ஐந்து அமோனியாவும் மூன்று குளோரீனும் உள்ள கோபாற்றுச் சேர்வையைச் சேர் பலகையில் எழுதினார். “இதில் ஒரு மூல் எடுத்து, வெள்ளி நைத்திரேற்றை மிகையாக விட்டால் எத்தனை மூல் வெள்ளிக் குளோரைட்டு வீழ்படியும்?” என்றார். பின்வாங்கிலிருந்து மூன்று என்று சத்தம். அவர் பேசாமல் சோக்கால் ஒரு சதுர அடைப்பை இழுத்தார்; ஒரு குளோரீன் உள்ளே போய்விட்டது. “இவர் கோபாற்றோடு பிணைந்து நிற்கிறார், அயனாகப் பிரிந்து வெள்ளியோடு சேர வரமாட்டார். விடை இரண்டு.” எக்ஸ் கதிரே கண்டுபிடிக்கப்படாத 1893இல், சிக்கல் சேர்வைகளின் அமைப்பை விளக்கிய இரசாயனவியலாளர் வேர்னர் இதை எப்படித்தான் பிடித்தாரோ! எங்கள் ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்று இருக்கவில்லை. அந்த வீழ்படிவை இன்னும் கண்ணால் காணாததுதான் மனதை அரிக்கிறது.

பூநகரி ரீச்சர்:
களிமண் உருண்டையில் ஈர்க்குக் குத்தி இரண்டு மாதிரி கொடுத்தேன். நிக்கலோடு நாலு குளோரைட்டு என்றால் நான்முகி (நாலு முக்கோண முகமுள்ள வடிவம்), நாலு சயனைட்டு என்றால் தளச்சதுரம் (நாலும் ஒரே தளத்தில் சதுரமாக). ஒரு பிள்ளை ஒவ்வொன்றிலும் இரண்டு ஈர்க்கில் நிறக் கடதாசி சுற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ரீச்சர், சதுரத்தில அடுத்தடுத்தும் வைக்கலாம், எதிரெதிராவும் வைக்கலாம். மற்றதில எப்பிடி வைச்சாலும் ஒண்டுதான்.” அடுத்தடுத்து என்றால் சிஸ், எதிரெதிர் என்றால் திரான்ஸ் என்று நான் வாயே திறந்திருக்கவில்லை! அப்புறம்தான் சிஸ்பிளாற்றின் என்ற பிளாற்றினச் சேர்வை பற்றிச் சொன்னேன்: குளோரீன் இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் புற்றுநோய் மருந்து, எதிரெதிராக இருந்தால் அந்த வேலையைச் செய்யாது. உருண்டையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மாங்குளம்:
முறிகண்டி, அந்தச் சேர்வையின் பெயரில் உங்கள் சேர் குளோரீனைக் குளோரோ என்று எழுதியிருந்தால் அது பழைய முறை. இரசாயனப் பெயர்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான IUPAC இன் 2005 பரிந்துரைப்படி குளோரிடோ. என் மகன் அக்குவாவை (நீர்) அம்மைனுக்கு (அமோனியா) முன்னால் எழுதிக்கொண்டு வந்தான். நம் அகரவரிசைக்கு அது சரி, ஆனால் பெயரீட்டுக்கு ஆங்கில எழுத்து வரிசைதான். அம்மைன் முதலில் வரும். டை, ட்ரை போன்ற எண்ணிக்கை முன்னொட்டுகளை வரிசைக்கு எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு முதலில் இணையிகளின், அதாவது உலோகத்தோடு பிணைந்து நிற்பவற்றின், ஏற்றத்தைப் பாடமாக்கக் கொடுங்கள்: நீரும் அமோனியாவும் பூச்சியம், குளோரிடோவும் சயனிடோவும் மறை ஒன்று. அது தெரியாமல் உலோகத்தின் ஒட்சியேற்ற எண்ணை எடுக்கவே முடியாது. முழுச் சிக்கலும் மறை ஏற்றம் என்றால் பெயரில் இரும்பு பெரேற்று ஆகும், செப்பு கியூப்பிரேற்று ஆகும். வெள்ளி நைத்திரேற்று இல்லாத பள்ளிக்கூடத்தில் செப்பு சல்பேற்றுக் கரைசலுக்கு அமோனியாவைத் துளித்துளியாக விட்டுக் காட்டலாம். முதலில் வெளிர்நீல வீழ்படிவு வரும், மேலும் விட அது கரைந்து கடுநீலமாகும். யன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.