பழைய பேஸ்பால் கார்டு ஷோக்கள்: மேசைக்கு அந்தப் பக்கம் கேட்ட கதைகள்

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளை வாங்கவும் விற்கவும் கூடும் இடம்தான் கார்டு ஷோ. பழையவை என்று இங்கே நான் சொல்வது 1980-க்கு முந்தைய கார்டுகளை. 80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் அச்சடித்துக் குவித்தவை இன்றைக்கும் சீல் உடையாமல் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. அந்த மேசைகளைத் தாண்டி, ஹாலின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களைத் தேடிப் போகிற ஆளா நீங்கள்? அங்கே நடந்ததை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தவர் நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். பிராங்க்ஸில் பிறந்து வளர்ந்தவர், அந்த ஊர் யாங்கீஸ் அணி என்றால் உயிர். எனக்கோ பேஸ்பாலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. ஒரு நாள் வேலிப் பக்கம் நின்று பேசும்போது, பள்ளிக்கூட நாளில் பிக் ஃபன் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளுக்காக நாங்கள் அடித்துக்கொண்டதைச் சொன்னேன். "அப்படியா? ஞாயிற்றுக்கிழமை என்னோடு வா" என்றார்.

ஒயிட் ப்ளெய்ன்ஸில் இருக்கும் வெஸ்ட்செஸ்டர் கவுன்டி சென்டருக்குப் போனோம். 1930-ல் திறந்த கட்டடம். உள்ளே வரிசை வரிசையாக மேசைகள். டாப்ஸ் என்ற கம்பெனி 1956-ல் போட்ட கார்டு செட்டை அவர் அப்போது முடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தம் 340 கார்டு. படுக்கைவாட்டில் பெரிதாக ஒரு முகம், பின்னணியில் அதே ஆட்டக்காரர் ஓடுவதோ எகிறிப் பிடிப்பதோ. டாப்ஸ் அந்தப் பெரிய அளவில் கார்டு போட்ட கடைசி வருடம் அது. 1957-ல் இரண்டரைக்கு மூன்றரை அங்குலமாகச் சுருக்கினார்கள், இன்றுவரை அதுதான் அளவு. இந்த செட்டில் முதல் 180 எண்களுக்குப் பின்பக்கம் வெள்ளையிலும் உண்டு, சாம்பல் நிறத்திலும் உண்டு. இவருக்குச் சாம்பல்தான் வேண்டும். பையனாக இருந்தபோது கையில் இருந்தது சாம்பல், அம்மா குப்பையில் போட்டதும் சாம்பல். (அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் அம்மா தூக்கிப் போட்ட கதை ஒன்று வைத்திருப்பார்கள். எல்லா அம்மாக்களும் பத்திரப்படுத்தியிருந்தால் யாங்கீஸ் நட்சத்திரம் மிக்கி மேண்டிலின் கார்டு ஒன்றை நாம் ஐந்து டாலருக்கு வாங்கியிருப்போம். அம்மாக்களைத் திட்டாதீர்கள்.)

டீலருக்கும் இவர் வயசுதான் இருக்கும். ஷூ பெட்டி ஒன்றை முன்னால் தள்ளினார். இவர் ஒவ்வொரு கார்டாகக் கவிழ்த்து, பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒதுக்கிக்கொண்டே போனார்.

"முன்பக்கம் பார்க்கவே மாட்டீர்களா?"

"முன்பக்கம் மனப்பாடம்."

அவ்வளவுதான், நான் அங்கே நிற்பதே இருவருக்கும் மறந்துபோனது. டீலர் புரூக்ளின்காரர். 1955 உலகத் தொடரில் ஜானி போட்ரஸ் யாங்கீஸை ஒரு ரன் கூட எடுக்கவிடாமல் கடைசி ஆட்டத்தை முடித்து, அப்போது புரூக்ளின் அணியாக இருந்த டாட்ஜர்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்ததை அவர் எடுத்தார். இவர் சும்மா இருப்பாரா? மறு வருடத் தொடரில் அதே டாட்ஜர்ஸில் ஒருத்தரைக் கூட பேஸில் கால்வைக்க விடாத டான் லார்சனை எடுத்துவிட்டார். இரண்டு பேரும் அந்த ஆட்டங்களை ரேடியோவில் கேட்டவர்கள். பந்து பந்தாகச் சண்டை நடந்தது.

பெட்டியில் ஒரு கார்டில் அணியின் பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஆட்டக்காரர் மாறிப்போன புது அணியை எவனோ ஒரு பையன் எழுதி வைத்திருந்தான். கோணல்மாணலான எழுத்து, ஆனால் அழுத்தம் திருத்தமாக. "எழுதிக் கெடுத்தது, பாதி விலை கொடுங்கள்" என்றார் டீலர். "எழுதியிருக்கிறதால்தான் வாங்குகிறேன், முழு விலை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார் இவர். விற்கிறவர் குறைக்கிறார், வாங்குகிறவர் ஏற்றுகிறார். அப்படி ஒரு பேரத்தை நான் ரங்கநாதன் தெருவிலும் பார்த்ததில்லை.

அன்றைக்கே இன்னொரு மேசையில்தான் முதன்முதலாக ஒரு T206-ஐத் தொட்டேன். 1909-லிருந்து 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்த கார்டுகள். அகலம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. அந்த டீலர் உறை எதுவும் போடாமல் அப்படியே என் உள்ளங்கையில் வைத்தார். நாலு மூலையும் தேய்ந்து உருண்டுபோயிருந்தன, குறுக்கே ஒரு மடிப்பு. ஆனால் வானத்துக்குப் பூசிய ஆரஞ்சு நிறம் மட்டும் நேற்று அடித்த மாதிரி இருந்தது. பின்பக்கம் நீல மையில் பீட்மான்ட் சிகரெட் விளம்பரம். பெயர் தெரியாத ஆட்டக்காரர், ஐம்பது அறுபது டாலருக்குள் முடிந்தது. இதையே இன்றைக்கு, கார்டின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும் கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பி, கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்து, மேலே 1 என்று மார்க் ஒட்டி விற்கிறார்கள். நூறு வருடமாகப் பத்துப் பேர் கை பட்டு வந்த அட்டைக்கு இனிமேல் யார் கையும் படாது. எனக்கு இது பிடிக்கவே இல்லை.

T206 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஜெபர்சன் பர்டிக் என்று சிரக்யூஸ்காரர் ஒருவர் போட்ட பட்டியலிலிருந்தாம். கடுமையான மூட்டுவாதத்தோடு, சேர்த்ததையெல்லாம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்து, வருடக்கணக்கில் அங்கேயே போய் உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். மூன்று லட்சத்துக்கு மேல் அட்டைகள். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார், மார்ச்சில் போய்ச் சேர்ந்துவிட்டார். டீலர் இதைச் சொல்லும்போது குரலை ஒரு மாதிரி தாழ்த்திக்கொண்டார். பர்டிக் பேச்சு எடுக்கும் பழைய ஆட்கள் எல்லாருமே அப்படித்தான்.

அப்புறம் டாப்ஸின் 1952 மேண்டில் கார்டு. அந்தக் கதை இல்லாமல் ஷோ கிடையாது. விற்காமல் தேங்கிய 1952 கார்டுகளை டாப்ஸின் சை பெர்கர் 1960-ல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக்கில் கொட்டினார் என்பதில் தொடங்குவார்கள். 'மிஸ்டர் மின்ட்' என்று பெயரெடுத்த டீலர் ஆலன் ரோசன் 1991-ல் நியூயார்க் ஷோ ஒன்றில் ஒரு மேண்டிலை 50,000 டாலருக்கு விற்றார், 2022 ஆகஸ்டில் அதே கார்டு ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அதுவரை சரி, நடந்ததுதான். ஆனால் 1991-ல் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றதாக என்னிடம் சொன்னவர்களையெல்லாம் கூட்டினால் யாங்கீ ஸ்டேடியம் நிரம்பும்.

* * *

அண்ணா, புரூக்ளின் சண்டையைப் படித்துச் சிரித்தேன். ஆனால் பிளாஸ்டிக்கைத் திட்டுகிறீர்களே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பாஸ்டன் பக்கம். வில்மிங்டன் ஷ்ரைனர்ஸ் ஆடிட்டோரியம் ஷோவுக்கு வழக்கமாகப் போகிற ஆள்.

அங்கே ஒரு மேசையில் 1953 டாப்ஸ் ஒன்று. அந்த வருடத்துக் கார்டுகள் எல்லாம் கையால் தீட்டிய ஓவியங்கள், அடியில் சிவப்பிலோ கறுப்பிலோ பெயர்ப் பட்டை. அந்த வண்ணம் ஓரத்தில் லேசாக உதிர்ந்துதான் இருக்கும், பெரும்பாலும் தப்பாது. இது உதிரவே இல்லை. மூலைகள் ஊசி மாதிரி. பர்ஸை எடுக்கப் போனேன். பக்கத்தில் நின்ற ஒரு வயதானவர் வாயே திறக்கவில்லை. தன் ஃபோல்டரிலிருந்து கந்தலாகிப்போன ஒரு 1953 கார்டை உருவி, இதன் அடியில் வைத்து மூலையோடு மூலை சேர்த்தார். வலது பக்கம் ஒரு மயிரிழை அளவுக்கு அந்தக் கந்தல் எட்டிப் பார்த்தது. ஓரத்தைப் பிளேடால் சீவியிருக்கிறார்கள். மேசைக்காரர் வேறு யாரிடமோ பேசுவதுபோலத் திரும்பிக்கொண்டார். பெரியவர் தன் கார்டை உள்ளே வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். ஒரு நன்றி சொல்லக்கூட நேரம் தரவில்லை.

அப்படி ஒருத்தர் எல்லா மேசையிலும் நிற்க மாட்டாரே? அதனால்தான் கிரேடிங் வந்தது என்று வாதாடலாம் என்று பார்த்தால், அங்கேயும் ஒரு ஓட்டை. பிஎஸ்ஏ என்ற கிரேடிங் கம்பெனி 1991-ல் தொடங்கி முதல் கார்டாக மார்க் போட்டது ஹோனஸ் வாக்னர் என்ற பழைய ஆட்டக்காரரின் T206-க்கு. பத்துக்கு எட்டு. அந்த வாக்னரின் ஓரங்களைத் தானே வெட்டியதாக, கார்டு ஏலம் விடுபவரான பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். என் கட்சியை நானே கவிழ்க்கிறேன், தெரிகிறது. இருந்தாலும் 500 டாலருக்கு மேல் போனால் எனக்குப் பிளாஸ்டிக் இருந்தே ஆக வேண்டும்.

* * *

நான் சேர்க்கிறவள் இல்லை, சேர்க்கிறவனின் அம்மா. (தூக்கிப் போடவில்லை!) எங்களுக்கு சிகாகோ. நேஷனல் கன்வென்ஷன் என்ற பெரிய கார்டு ஷோ ஓஹேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரோஸ்மான்ட்டில் நடக்கும்போதெல்லாம் பையனைக் கூட்டிக்கொண்டு போவேன். 1980-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஹோட்டலில் தொடங்கியதாம், இப்போது உள்ளே போனால் கால் வீங்காமல் வெளியே வர முடியாது. மனிதர்கள் அப்படி நெருக்கியடிக்கிறார்கள்.

பையனுக்கு 1975 டாப்ஸ் பைத்தியம். ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு நிறத்தில் பார்டர்: மேலே ஊதா என்றால் கீழே இளஞ்சிவப்பு, இப்படி. அவனுக்கு ஆட்டக்காரர் யாரென்று கவலையே இல்லை, நிறம்தான். ஒரு டீலர் மேசையில் போய் எடுத்தவுடன் "இது எவ்வளவு?" என்றான். அந்தத் தாத்தா கையைக் கட்டிக்கொண்டு, "முதலில் குட் மார்னிங் சொல்லு. அப்புறம் இதை எடுத்துப் பார்க்கலாமா என்று கேளு. அதற்கப்புறம்தான் விலை" என்றார். இவன் முழித்தான். என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன், வீட்டில் நான் சொல்லிச் சொல்லி அலுத்ததை வேறொருவர் சொல்கிறாரே, கெடுப்பானேன்!

முதலிலிருந்து ஒழுங்காகச் செய்தான். அதற்கப்புறம் பேரம் பேசவும் அவரே சொல்லிக்கொடுத்தார். ஒரு கார்டுக்குக் குறைத்துக் கேட்காதே, பத்தாகச் சேர்த்து வைத்துவிட்டு மொத்தமாகக் கேள். குறைகளைச் சொல்லிக் கேட்காதே, அது விற்கிறவனை எரிச்சலாக்கும். கையில் இருக்கும் பணத்தை முழுதாக வெளியே காட்டாதே. எல்லாம் சொல்லிவிட்டு, அவன் அதே மாதிரி அவரிடமே பேசியபோது ஒரு டாலர் கூட இறங்கி வரவில்லை! கடைசியில் 1975 மினி ஒன்றை, அதாவது அதே செட்டை டாப்ஸ் சின்ன அளவில் போட்டது, மேலே வைத்து இனாமாகக் கொடுத்தார். அவன் இப்போது அரிசி வாங்கும் கடையிலும் பத்தாகச் சேர்த்து மொத்தமாகக் கேட்கிறான்.

* * *

அக்கா, அந்தத் தாத்தா சொன்ன இரண்டாவது விதி பொன்னான விதி. மூலை மழுங்கியிருக்கிறது, படம் நடுவில் இல்லை என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டி வெளியே வராது.

பாஸ்டன் தம்பிக்கு: 500 டாலர் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். நான் அவ்வளவு தூரம் போவதில்லை, அதனால் வீறாப்பு பேசுகிறேன்.

கையெழுத்து மேசைகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பாப் ஃபெல்லரைப் பற்றிச் சொன்னது: கிளீவ்லாந்தின் அந்த வேகப்பந்து மன்னர் ஓய்வுக்குப் பிறகு எத்தனையோ ஷோக்களில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக்கொடுத்ததில், கையெழுத்து இல்லாத ஃபெல்லர் பந்துதான் அபூர்வம் என்று கேலி செய்வார்களாம். இவர் வரிசையில் நின்று, இரண்டாம் உலகப் போரில் அலபாமா போர்க்கப்பலில் இருந்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாராம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். பின்னால் இருந்தவர்கள் திட்டத் தொடங்கும்வரை நிறுத்தவில்லை.

* * *

ரொறொன்ரோவிலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் டாப்ஸ் பற்றியே கதைக்கிறீர்கள், எங்கட ஓ-பீ-சீயை ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஒன்ராறியோவில் இருக்கிற லண்டன் நகரத்துக் கம்பெனி. டாப்ஸின் உரிமத்தில் அடித்த கார்டுகள், 70-களிலிருந்து பின்பக்கத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கும். ஓரங்கள் பிசிறு பிசிறாகத்தான் இருக்கும், வெட்டினது அப்படி. அமெரிக்கப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பழுது என்று நினைக்கிறார்கள். மிசிசாகாவில் விமான நிலையத்துக்குக் கிட்ட இன்டர்நேஷனல் சென்டரில் நடக்கிற எக்ஸ்போவில் ஒரு வயோதிபர் எனக்குச் சொன்னார்: பிசிறு இல்லாமல் வழவழவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று.

பென்சிலால் புது அணியை எழுதின பையனின் கதையை வாசித்தவுடன் இதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. 70-களின் கடைசியில் வந்த ஓ-பீ-சீகளில் அதே வேலையைக் கம்பெனியே செய்தது. டாப்ஸை விடப் பிந்தி அச்சடித்தபடியால், இடையில் அணி மாறினவர்களுக்கு 'இப்போது இன்ன அணியில்' என்று முன்பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். படத்தில் பழைய சட்டை, எழுத்தில் புது அணி. என்னுடைய ஃபோல்டர் ஒன்று முழுக்க அந்த வரி இருக்கிற கார்டுகள்தான். அந்த வயோதிபர்தான் தொடக்கி வைத்தவர். எக்ஸ்போவில் என்னைக் கண்டால் காசு வாங்காமல் ஒன்றைத் தந்துவிட்டு, என்னிடம் இரண்டாய் இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்.

1977 ஓ-பீ-சீ 264 கார்டு. எங்கட ரொறொன்ரோ அணி புளூ ஜேஸ் முதல் முதலாக ஆடின வருடம். டாப்ஸில் இல்லாத படங்கள் நிறைய இருக்கின்றன. என்னிடம் அதில் இரட்டையாய்க் கொஞ்சம் கிடக்கிறது, பிசிறோடுதான். 1956 சாம்பல் எதுவும் எனக்கு வேண்டாம். அந்தச் சின்னவனிடம் 1975-இல் ஊதாவும் இளஞ்சிவப்பும் மிச்சமிருந்தால் கேட்டுச் சொல்லுங்கோ அக்கா, மாற்றிக்கொள்ளலாம். குட் மார்னிங் சொல்லித்தான் கேட்பேன்.