எல்லாக் கோப்புறைகளும் ஒரே தோற்றத்தில் திறக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் 11 கணினியில் எந்தக் கோப்புறையைத் திறந்தாலும் கோப்புகள் 'டீட்டெயில்ஸ்' முறையில், பெயர் வரிசையில் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு கோப்புறையை அவ்வாறு அமைத்துவிட்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பகுதிக்குச் சென்று 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' பொத்தானை அழுத்தினேன். சில கோப்புறைகள் மாறின. ஆனால் படங்கள் உள்ளவை இன்னும் பெரிய முன்தோற்றங்களுடனேயே திறக்கின்றன. டவுன்லோட்ஸ் கோப்புறையோ இன்று, நேற்று, கடந்த வாரம் என்று கோப்புகளைக் குழு குழுவாகப் பிரித்துக் காட்டுகிறது. மூன்று முறை செய்து பார்த்தும் பலனில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
நீங்கள் செய்ததில் தவறில்லை. அந்தப் பொத்தானின் பெயர்தான் ஏமாற்றுகிறது. அது எல்லாக் கோப்புறைகளையும் மாற்றாது, நீங்கள் அப்போது திறந்து வைத்திருக்கும் கோப்புறை எந்த வகையோ அந்த வகையை மட்டுமே மாற்றும். பொது, ஆவணம், படம், இசை, காணொளி என எக்ஸ்புளோரர் (கோப்புறைகளைத் திறந்து காட்டும் விண்டோஸ் செயலி) கோப்புறைகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. உள்ளே இருக்கும் கோப்புகளைப் பார்த்து வகையைத் தானே ஊகித்தும் கொள்கிறது. என் கணக்குக் கோப்புறை ஒன்றில் சில ஒலிப்பதிவுகளைப் போட்டு வைத்தபோது, மறுமுறை திறக்கையில் தேதி இருந்த இடத்தில் 'ஆல்பம்' என்ற நெடுவரிசை வந்து நின்றது.

ஆகவே படக் கோப்புறை ஒன்றைத் திறந்து, டீட்டெயில்ஸுக்கு மாற்றி, அதே பொத்தானை அங்கிருந்தும் ஒரு முறை அழுத்துங்கள். இசைக்கும் காணொளிக்கும் அப்படியே. இதைவிட நான் விரும்புவது வேறு வழி: மேல்நிலைக் கோப்புறையை வலச்சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கஸ்டமைஸ்' என்று சென்று, வகையை 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என மாற்றி, உட்கோப்புறைகளுக்கும் பொருந்தும்படி கீழேயுள்ள கட்டத்தில் குறியிட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள கோப்புறை திறக்கத் தாமதமாவதும் பல நேரங்களில் இதனால் குறையும்.

பதில் 2:
டவுன்லோட்ஸ் அந்த ஐந்திலும் சேராத தனி வகை என்பதால் மேற்கண்டது அதைத் தொடாது. அதனுள் சென்று 'சார்ட்' பட்டியலில் 'குரூப் பை' என்பதை 'நன்' ஆக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. படங்களும் டவுன்லோட்ஸும் சரியாகிவிட்டன. ஆயினும் ஒரு மென்பொருளில் கோப்பைச் சேமிக்கும்போது தோன்றும் பெட்டியில் பழைய தோற்றமே வருகிறது. புதிதாக உருவாக்கும் கோப்புறைகளும் மீண்டும் வகை மாறிவிடுமோ என்ற ஐயமும் உண்டு.

பதில் 1:
சேமிக்கும் பெட்டி தன் தோற்றத்தைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும்; அதற்குள்ளேயே ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். ஊகிக்கும் பழக்கத்தையே நிறுத்த வேண்டுமென்றால், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம்) 'பேக்ஸ்' கிளையில் 'ஆல்ஃபோல்டர்ஸ்', அதனுள் 'ஷெல்' என்று சென்று, 'ஃபோல்டர்டைப்' என்னும் மதிப்பை 'நாட்ஸ்பெசிஃபைட்' என்று அமைக்க வேண்டும். அந்தக் கிளைகள் இல்லையென்றால் நீங்களே உருவாக்க வேண்டியிருக்கும். முதலில் ரெஜிஸ்ட்ரியை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லையென்றால் அந்தப் பக்கமே போகாமல், மாறும் கோப்புறையை மட்டும் அவ்வப்போது கஸ்டமைஸ் வழியாகத் திருத்துவதே நல்லது.