ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் 3ஆம் பிரிவு இருக்க வேண்டுமா?

மகாவலிக்கரை:
ஐ.சி.சி.பி.ஆர். என்பது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை. அதற்காக இலங்கை இயற்றிய சட்டத்தில் இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் இந்தப் பிரிவை நீக்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். நான் எதிர்க்கிறேன். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறியில் கரையாமல் கிடந்த மாவுக் கட்டியைக் காட்டி, “மலட்டு மாத்திரை போட்டாயா?” என்று கூட்டம் சூழ்ந்து நின்று கேட்கிறது. சிங்களம் சரியாக வராத அந்த மனிதர் பயத்தில் ‘ஆம்’ என்கிறார். ஒருவன் அதை வீடியோ எடுக்கிறான். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மா என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொல்வதற்குள் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ஒரு வாரத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டி மாவட்டத்துத் திகன எரிந்தது. என் மாமாவின் துணிக்கடையும் போயிற்று. ஷட்டரைத் தூக்கியபோது, பொலித்தீன் உருகிச் சேலைகளெல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. அந்த வீடியோவைப் பரப்பியவனுக்குக் கருத்துச் சுதந்திரம் என்றால், எங்களுக்கு என்ன சுதந்திரம்?

தென்மராட்சியான்:
மாமாவின் இழப்புக்கு வருந்துகிறேன், அண்ணா. ஆனால் அந்தச் சட்டம் 2007இல் இருந்தே இருக்கிறது. 2014இல் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்துக்கு முன் அளுத்கமவில் மேடையேறி முழங்கிய பொது பல சேனாவின் ஞானசார தேரரை அது சிறைக்கு அனுப்பவில்லை. 2019 மே மாதம் ஹசலக்கவில் யாரைப் பிடித்தது? கப்பல் சுக்கான் படம் அச்சிட்ட உடுப்பு அணிந்த ஒரு முஸ்லிம் பெண்ணை. சுக்கானைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்றார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் எழுத்தாளர் சக்திக சத்குமாரவைப் பிடித்தார்கள். பிக்குகளுக்குக் கோபம் மூட்டிய ஒரு சிறுகதைக்காக நான்கு மாதம். மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜசீமோ ஒன்றரை ஆண்டு. பொலிஸ் யாருடைய கையில் இருக்கிறதோ, அவர்களுடைய மனம் புண்பட்டால்தான் இங்கே வழக்கு.

மகாவலிக்கரை:
தம்பி, அஹ்னாபை இதற்குள் கொண்டுவராதீர்கள். 2020இல் அவரைப் பிடித்தது பயங்கரவாதத் தடைச் சட்டம். அதை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் திகனவுக்குப் பிறகு மகாசோன் பலகாய என்ற சிங்களக் கடும்போக்கு அமைப்பின் அமித் வீரசிங்க மாதக்கணக்கில் உள்ளே இருந்ததும் இதே 3ஆம் பிரிவால்தான். அந்த மாதங்களில்தான் என் மாமி இரவில் கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். உங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

பாசிக்குடா:
சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். இரண்டு பேரும் பிரிவின் வாசகத்தைப் படியுங்கள். பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டுகிற வெறுப்புப் பரப்புரைதான் குற்றம். மனம் புண்படுதல் என்ற சொல்லே அதில் இல்லை. பிறகு சுக்கான் உடுப்பு எப்படி உள்ளே வந்தது? பிணையால். இந்தப் பிரிவில் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் மட்டும். முறைப்பாட்டை எழுதும் பொலிஸ்காரர் அன்றைக்கே தண்டனையையும் எழுதிவிடுகிறார். சத்குமார பின்னர் விடுவிக்கப்பட்டார். அந்த நான்கு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது? சவர்க்காரமும் பற்பசையும் போட்ட பையோடு நீதிமன்ற வாசலில் நிற்கும் தாய்மாரை வாரந்தோறும் பார்க்கிறேன். பிரிவை வைத்துக்கொள்ளுங்கள். பிணையை நீதவானிடம் கொடுங்கள். சட்டமா அதிபரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் கைது கூடாது என்று சேருங்கள்.

தென்மராட்சியான்:
அக்கா, பிணை பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் சட்டமா அதிபரின் அனுமதியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவரை நியமிப்பது ஜனாதிபதி. 2016இல் பேசிய பேச்சுக்கு ஞானசார தேரருக்குத் தீர்ப்பு வந்தது 2024இல். எட்டு ஆண்டு. சிறுகதை எழுதியவருக்கோ முதலில் சிறை, பிறகுதான் விசாரணை. அனுமதி கொடுக்கும் கை மாறினாலும் இந்த வித்தியாசம் மாறாது. கடைக்குத் தீ வைத்தவனைத் தண்டிக்கத் தண்டனைச் சட்டக்கோவையே போதும். அதை ஒழுங்காகப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

மகாவலிக்கரை:
தீ வைத்தவனைப் பிடித்தால் போதும் என்கிறீர்கள். அவனுக்குக் கடையை அடையாளம் காட்டியது அந்த வீடியோ. பிணையை நீதவானிடம் கொடுக்கட்டும், அதற்காக உங்களோடு சேர்ந்து நானும் கையெழுத்துப் போடுகிறேன். பிரிவை எடுக்கச் சொல்லும் மனுவில் போட மாட்டேன். அம்பாறைக் கடைக்காரரைச் சுற்றி அந்தக் கூட்டம் நின்றபோது இன்னும் யாரும் தீ வைத்திருக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் எந்தச் சட்டத்தைச் சொல்லிப் பொலிஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், தம்பி.